ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு இதையும் சொல்லி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவு வந்த வாரம் நம் நாளிதழ்களில் பிள்ளைகளின் படம் வரிசையாக வருகிறது, இரண்டு பக்கமும் அம்மா அப்பா நிற்க. என் படமும் அப்படி ஒரு முறை வந்தது, அம்மா அதை வெட்டி சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதற்கு அப்புறம் எப்படி இருக்கிறாள், யாரோடு ஒரே அறையில் இருக்கிறாள், ராத்திரி தூங்குகிறாளா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இப்போது பிள்ளைகள் புது செமஸ்டருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பாட்டி, அக்கா, இரண்டு தம்பிகள் என்று எல்லாரும் ஒரே அறையில் படுத்த வீடு எங்களுடையது, ஆகையால் ஹாஸ்டலில் இன்னொரு ஆளோடு இருப்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது தவறு. லயத்தில் யாருக்காவது கோபம் வந்தால் வாசலில் நின்று கத்திவிடுவார்கள், சாயங்காலம் அதே வீட்டிலிருந்து குழம்புக் கிண்ணம் வரும். ஹாஸ்டல் அறையில் கத்தவும் முடியாது, கிண்ணமும் வராது. நான் ரயில் ஏறும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்: "யாரோடும் வம்பு வச்சுக்காதே, எதுவா இருந்தாலும் பொறுத்துப் போ." நாலு வாரம் பொறுத்துப் போனேன், அந்த நாலு வாரம்தான் என் படிப்பிலேயே மோசமான காலம்.

என் அறைத்தோழி கிளந்தான், பாசிர் மாஸ் பக்கத்துப் பெண். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் நான் மலாயில் நல்ல தேர்ச்சி வாங்கியிருந்தும், அவள் வீட்டோடு போனில் பேசுவது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, 'என்ன' என்று கேட்கும் மலாய்ச் சொல் 'அபா' என்பதே அவர்கள் ஊரில் 'காப்போ'. சுபுஹு தொழுகைக்காக ஆறு மணிக்கு முன்பே அவளுடைய அலாரம் மூன்று தடவை அடிக்கும், நான் ரெண்டு மணிக்குத்தான் புத்தகத்தை மூடியிருப்பேன். ஈரத் துண்டு என் நாற்காலியில் கிடக்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நடைபாதைக் கோடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள், அதுதான் என்னை அறுத்தது. என்னோடு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு அருவருப்பு, நான் யார் என்று பார்க்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆனால் வீட்டுக்கு ஓடிவிடுவேன். 2015-இல் பாடாங் பெசார் வரைக்கும் மின்ரயில் வந்துவிட்டதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சுலபம். அவளுக்கு அப்படி இல்லை, பஸ்ஸில் கிரிக் வந்து, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்கி ஜெலி வழியாகப் போக வேண்டும், நினைத்தபோது போய்வர முடியாது. அந்த வாரக் கடைசிகளில் அவள் அந்த அறையில் ஒற்றையாக இருந்திருக்கிறாள். எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை.

அஞ்சாவது வாரம் டிக்கெட் கிடைக்கவில்லை. சனிக்கிழமை நல்ல மழை, கரண்ட்டும் போய்விட்டது, இருட்டில் அவள்தான் முதலில் கேட்டாள்: "நீ வாரா வாரம் ஓடுவது என்னாலா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. அந்த டப்பாவில் இருந்தது அவள் அம்மா செய்து கொடுத்தனுப்பிய செருண்டிங், அதாவது மசாலா போட்டு உதிரி உதிரியாக வறுத்த இறைச்சி, அது மாட்டிறைச்சியில் செய்தது. இந்துக்கள் மாடு தொடமாட்டார்கள், வாசனை பட்டாலும் எனக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் அவள் வெளியே போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்காகச் செய்ததை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் பாருங்கள். நான் தினமும் ராத்திரி அம்மாவோடு போனில் சத்தமாகப் பேசுவதைக் கேட்டு, எங்கள் வீட்டில் ஏதோ பெரிய சண்டை என்று அவள் வேறு பயந்திருக்கிறாள்.

அன்று ராத்திரியே பேசி முடித்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் மேசை விளக்கு மட்டும், அதுவும் சுவர்ப்பக்கம் திருப்பி. அலாரம் அவள் தலையணைக்கு அடியில். போன் பேச நான் வெளியே போய்விடுவேன். அறைக்குள் நெருப்பு கூடாது என்பது ஹாஸ்டல் விதி, ஊதுபத்தி இல்லாமல் என் மேசைத் தட்டில் முருகன் படமும் விபூதியும், அவள் பக்கம் தொழுகைப் பாய். கூட்டாளிகளை அழைத்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தவள் கோழியில் செய்த செருண்டிங் கொண்டுவந்தாள், நான் அம்மா செய்த நெத்திலிச் சம்பலை எடுத்து வைத்தேன்.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவனுக்கு நடக்கவில்லை. அறையில் மற்றவர்கள் விடிய விடிய விளையாட்டும் வேப் புகையுமாக இருக்க, அவன் யாரிடமும் வாய் திறக்காமல் கண்ட அறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான், எட்டாவது வாரம் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு செமஸ்டருக்குப் பாடம் நடப்பது 14 வாரம்தான், பாதி போனால் பிடிப்பது ரொம்பச் சிரமம். இப்போது கார் பட்டறையில் வேலை செய்கிறான், அரசாங்க உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். அவன் பேரில் நிற்கிறது. அதே கட்டடத்தில் தங்கி ஹாஸ்டல் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பாளரான ஃபெலோவிடம் போய் அறை மாற்றிக் கேட்கலாம், அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் காசில்லாமல் பேச ஆலோசகர் இருக்கிறார், இது அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா அம்மாவுக்கும் தெரியாது. நல்ல பையன், அடக்கமானவன் என்று ஊரே சொன்ன பிள்ளை அவன், அந்த அடக்கத்தால்தான் கெட்டுப்போனான்.

பெற்றோர்களே, பொறுத்துப் போ என்பதோடு நிறுத்தாதீர்கள். "பிடிக்கலைன்னா முதல் வாரமே மரியாதையா சொல்லிடு, நீ பண்றதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்னும் கேட்டுக்கோ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் காசும் கொடுத்தனுப்புங்கள். பி.டி.பி.டி.என். பணம் முதல் நாளே வராது, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி முன்பணம் உண்டு, தகுதி இருந்தால் சீக்கிரம் விண்ணப்பித்துவிடுங்கள். வந்த முதல் வாரமே ரூம்மேட்டிடம் கடன் கேட்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

ஆசிரியர் அவர்களே, முதல் பருவத்துக்குப் பிள்ளைகள் கிளம்பும் மாதத்தில், படம் போடும் அதே பக்கத்தில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள், ஹாஸ்டலில் இருந்த எங்களைப் போன்றவர்கள் எழுதித் தருகிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன், கோயில் மண்டபத்தை ஒரு மாலை கொடுங்கள், புதிதாகப் போகும் பிள்ளைகளை அப்பா அம்மாவோடு உட்காரவைத்துப் பேசலாம். நான் கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி,
சுங்கை சிப்புட், பேராக்