கராஜுக்குக் கரண்ட் இழுத்த விவரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சித்தியும் நலமா?

கராஜுக்கு நானே ஒயரிங் செய்கிறேன் என்று கேள்விப்பட்டு நீங்கள் பதறியதாகத் தங்கை சொன்னாள். வயர்மேன் லைசென்ஸ் வைத்திருப்பவருக்குப் பதறாமல் இருக்குமா! அதனால்தான் எதைச் செய்தேன், எதைத் தொடவில்லை என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில், இது திருட்டுத்தனமான வேலை இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில் சொந்த வீட்டில் குடியிருப்பவர் பெர்மிட் வாங்கிக்கொண்டு தன் வீட்டு ஒயரிங்கைத் தானே செய்யலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் விதி மாறும். லைசென்ஸ் இல்லாதவரை ஒயரைத் தொடவே விடாத ஊர்களும் உண்டு.

கராஜில் மரவேலை செய்வதற்குத்தான் இந்தக் கரண்ட். மரம் அறுக்கும் டேபிள் சா 3 எச்.பி., 240 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அது ஓடும்போது தூள் உறிஞ்சும் மெஷினும் கூடவே ஓட வேண்டும். நடுவில் கம்ப்ரசர் தானாக ஆன் ஆகும். வேலை செய்வது நான் ஒருவன்தான், எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் கராஜுக்கு 60 ஆம்பியர் தனி டி.பி. (கரண்டைப் பல லைன்களாகப் பிரிக்கும் போர்டு) போதும் என்று கணக்குப் போட்டேன்.

“அங்கே 120 வோல்ட்தானே, 240 எங்கிருந்து வரும்?” என்று கேட்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதே 240தான். அதன் கம்பிச் சுருளின் நடுவிலிருந்து ஓர் இணைப்பு எடுத்து நியூட்ரலாக்கி, எர்த் செய்துவிடுகிறார்கள். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, இரண்டு முனைக்கும் இடையே 240. விளக்குக்கும் சாதாரண பிளக்குக்கும் முதலாவது, பெரிய மோட்டாருக்கு இரண்டாவது.

கலர்தான் நம்மூர்க்காரரைக் கவிழ்த்துவிடும். நமக்குக் கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்புதான் ஃபேஸ்! சிவப்பு இன்னொரு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், எர்த் பச்சை அல்லது வெறும் செம்பு. சில இடங்களில் வெள்ளைக்கு டேப் சுற்றி ஃபேஸாகவும் பயன்படுத்துகிறார்கள். அதனால் கலரை நம்புவதில்லை, ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

மெயின் போர்டை 100 ஆம்பியரிலிருந்து 200-க்கு மாற்றும் வேலையை நான் தொடவில்லை. மெயினை ஆஃப் செய்தாலும் அதற்கு மேலே வரும் சர்வீஸ் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். மின் கம்பெனி வந்து சப்ளையைத் துண்டித்தால்தான் உண்டு. அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் வந்தார். கராஜ் டி.பி.யும் அதற்குப் பிறகு உள்ளதும் என் வேலை.

அந்த டி.பி.யில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெயின் போர்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்கும். கராஜ் டி.பி.யில் இரண்டும் ஒட்டவே கூடாது; ஒயர்களை முடுக்கும் உலோகப் பட்டை இரண்டுக்கும் தனித்தனி; மெயினிலிருந்து வருவது இரண்டு ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று நான்கு ஒயர். அங்கேயும் சேர்த்துவிட்டால் திரும்பிப் போகும் கரண்டில் ஒரு பங்கு எர்த் ஒயர் வழியே ஓட ஆரம்பிக்கும். எப்போதாவது நியூட்ரல் விட்டுப்போனால் மெஷின் பாடி முழுக்க ஷாக்தான். இன்ஸ்பெக்டர் கவரைக் கழற்றியதும் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான். அப்புறம் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்தும் பார்த்தார்.

சுவரைக் கொத்தும் வேலையே இல்லை, சித்தப்பா. சுவர் மரச்சட்டம், உள்ளே வெற்றிடம். சட்டத்தில் துளை போட்டு கேபிளை நுழைத்துவிடலாம். துளை சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் இஞ்சுக்குள் வந்தால் இரும்புத் தகடு அடிக்க வேண்டும்; நாளைக்கு யாராவது ஆணி அடித்தால் கேபிளில் இறங்கிவிடும் அல்லவா? பலகை போட்டு மூடுவதற்கு முன் ஒரு முறை, வேலை முடிந்ததும் ஒரு முறை என்று சோதனை. 20 ஆம்பியர் லைனுக்கு 12 நம்பர் ஒயர் போட்டேன், நம் கணக்கில் இரண்டரைக்கும் 4 ஸ்கொயர் எம்.எம்.முக்கும் நடுவில். நம்பர் கூடக்கூட ஒயர் மெலியும்.

கராஜ் பிளக்குகளுக்கு லீக்கேஜ் பாதுகாப்பு, அதாவது கரண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகும் ஏற்பாடு, கட்டாயம். நம் வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், இது சுமார் 5-லேயே ட்ரிப் ஆகிவிடும். பழைய டிரில்லைச் செருகினால் சட்டென்று விழுகிறது. எரிச்சல்தான், ஆனாலும் அதைக் கழற்றிவிடும் யோசனை இல்லை.

ஒன்று மட்டும்: அங்கே இருக்கும் பெஞ்ச் கிரைண்டரை யார் மூலமாகவும் அனுப்ப வேண்டாம். 240 இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், இங்கே 60 ஹெர்ட்ஸ், நம்மூர் மாதிரி 50 இல்லை. நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றும் மோட்டார் 3400 பக்கம் போய்விடும், கல் தாங்குமா என்று தெரியாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் உளி செட்டை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்