பொதுத்தேர்வு நாட்களில் விண்ணப்பக் கெடு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் உங்கள் நாளிதழின் முதல் பக்கம் முழுக்கச் சிரித்த முகங்கள். 95.03 சதவீதத் தேர்ச்சி. லட்டு ஊட்டும் அம்மாக்கள், இரு விரல் உயர்த்திக் காட்டும் மாணவிகள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இதே போன்ற பிள்ளைகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோலத்தை எந்தப் பத்திரிகையும் படம் எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியில் 14 ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர், போட்டோ எடுக்கச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி. ரேஷன் கார்டுத் திருத்தம் முதல் பாஸ்போர்ட் வரை எல்லா ஆன்லைன் வேலையும் உண்டு. நான் படித்தது பி.ஏ. வரலாறு, கல்வி ஆலோசகன் இல்லை. ஆனால் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளிகள் இருப்பதால் எந்த நுழைவுத்தேர்வுக்கு எத்தனை கேபி அளவுக்குள் கையெழுத்துப் படம் கேட்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

பிப்ரவரி இரண்டாவது வாரம். மணி ஏழு இருக்கும். சிறப்பு வகுப்பு விட்டு நேராக வந்த ஒரு மாணவி சீருடையோடு, பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். நீட் விண்ணப்பம் போட வேண்டும். மறுநாள் காலை அவளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. நீட் விண்ணப்பம் என்பது பெயரும் முகவரியும் நிரப்பி அனுப்புகிற காரியம் இல்லை. அன்று கேட்டது பாஸ்போர்ட் அளவில் ஒரு போட்டோ, போஸ்ட்கார்டு அளவில் ஒரு போட்டோ, கையெழுத்து, அதற்கு மேல் இரண்டு கைகளின் பத்து விரல் ரேகைகளும். ஸ்டாம்ப் பேடில் விரலை ஒற்றி ஒவ்வொன்றாகத் தாளில் உருட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் இடது சுண்டுவிரல் இழுபட்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தாளில்தான் பத்தும் தெளிவாக விழுந்தன. நடுநடுவே இணையதளம் சுற்றிக்கொண்டே நின்றது. அப்போதெல்லாம் அவள் மை படாத மணிக்கட்டால் ரெக்கார்டு நோட்டைத் தள்ளித் திறந்து, கரிமச் சேர்மப் பகுப்பாய்வை வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போகிறது. அப்பா இருப்பது நெல் கொள்முதல் நிலையத்தில். சம்பா அறுவடை நேரம். குவித்துப் போட்ட நெல்லில் பனி இறங்கினால் ஈரப்பதம் ஏறிவிடும் என்று தார்ப்பாயை விட்டு நகராமல் படுத்திருக்கிறார். பொத்தான் போன்தான். நாங்கள் கூப்பிட்டுச் சொல்லி, அவர் போனை வைத்து, குறுஞ்செய்தியைத் தேடித் திறந்து, எண்ணை மனத்தில் வாங்கிக்கொண்டு திரும்பக் கூப்பிடுவதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகிவிடும். நான்காவது தடவை, “ஆறு… சைபர்… சைபர்… ஒன்பது…” என்று மூட்டை எண்ணுகிறவரைப் போல இழுத்து இழுத்துச் சொன்னார். எல்லாம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. விரலில் மை போகவில்லை. வீட்டில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன். “சோதனை தொடங்குவதற்கு முன்பே பெர்மாங்கனேட்டில் கையை விட்டுவிட்டாயா?” என்று மறுநாள் ஆய்வகத்தில் ஆசிரியை கேட்டாராம். அவளே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 20 மதிப்பெண். முந்தைய இரவு அவள் படித்தது என் கடைப் பெஞ்சில், அதுவும் சர்வர் விட்ட இடைவெளியில்.

அவள் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டு வந்தவள் என்று நினைக்க வேண்டாம். இந்த ஆண்டு நீட் விண்ணப்பம் திறந்ததே பிப்ரவரி 7. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுகள் தொடங்கியதும் பிப்ரவரி 7. விண்ணப்பம் மூடியது மார்ச் 7. பொதுத்தேர்வு தொடங்கியது மார்ச் 3. தமிழும் ஆங்கிலமும் எழுதி முடித்த மறுநாள் இரவு கெடு. இதுவாவது பரவாயில்லை, ஒரு மாதம் கொடுத்தார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வைப் பாருங்கள். விண்ணப்பம் மார்ச் 1 அன்று திறந்தது. மார்ச் 22 கடைசி நாள் என்றார்கள், பிறகு 24 வரை நீட்டித்தார்கள். நம் பொதுத்தேர்வு முடிந்தது மார்ச் 25. முதல் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு திறந்து, கடைசிப் பரீட்சைக்கு முந்தைய இரவு மூடியிருக்கிறார்கள். யாரோ அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. சிபிஎஸ்இ பிள்ளைகளும் தப்பவில்லை. அவர்களுக்குப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 4 வரை தேர்வு. ஆகவே இதில் மாநிலம், மத்தியம் என்று சண்டை போட எதுவும் இல்லை.

கியூட் விண்ணப்பம் பத்து நிமிட வேலையும் இல்லை. ஐந்து பாடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் தேர்வு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தை விட்டுவிட்டால் அந்தப் படிப்புக்கு வழி இல்லை. நிதானமாக உட்கார்ந்து, பெரியவர் ஒருவரிடம் கேட்டு, இரண்டு நாள் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். அதைத் தேர்வுகளுக்கு இடையே கிடைக்கும் விடுப்பில், கையில் ஒரு சமோசாவோடு வந்து, “எல்லோரும் எதை டிக் செய்கிறார்களோ அதையே எனக்கும் போடுங்கள்” என்று சொல்கிறார்கள்.

பொதுத்தேர்வு முடிந்த மறுநாள், மார்ச் 26, ஒரு பையன் வந்தான். தலைக்குக் குளித்து, திருநீறு இட்டு, மூன்று வாரத் தூக்கத்தையும் ஒரே இரவில் தூங்கிய முகம். “அண்ணா, நீலக்குடியில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். இயற்பியல்” என்றான். நீலக்குடி எங்கள் திருவாரூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2009-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். நான் கணினியை அவன் பக்கம் திருப்பித் தேதியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தான். “பரீட்சை முடிந்ததும் வரலாம் என்று இருந்தேன் அண்ணா” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. கணினி முன் உட்கார்ந்ததற்கு எவ்வளவு என்று கேட்டான்.

இதில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்தால் நன்றாக இருக்காது. அதே பையன் கணினி அறிவியல் தேர்வுக்கு முந்தைய மாலை பழைய வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தான். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம். அதோடு, நாளைக்குப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளையிடம் இன்னொரு பரீட்சையைப் பற்றி எதற்குப் பேசுவது என்றும் தோன்றியது. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. முதலில் பரீட்சை, பிறகு முடிவு, அதன்பிறகு விண்ணப்பம். எங்கள் காலத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கல்லூரி வாசலில் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கினோம். மாநில அரசின் சேர்க்கை இன்றும் அந்த முறையைத்தான் மதிக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கும், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இந்த ஆண்டு மே 7-ல்தான் பதிவு தொடங்கியது. பரீட்சை முடிந்த பிள்ளை, பகல் வெளிச்சத்தில், அப்பா அம்மாவோடு வந்து நிதானமாகப் போடுகிறான். அதைப் பார்த்துப் பழகிய வீடுகளுக்கு, ஐஐடி, என்ஐடி பொறியியலுக்கான ஜேஇஇ விண்ணப்பம் 2024 அக்டோபர் கடைசியிலேயே திறந்து நவம்பர் 22-ல் மூடிவிட்டது என்றால் எப்படித் தெரியும்?

“எந்நேரமும் போனை நோண்டுகிறார்கள், ஒரு தேதி பார்க்க முடியாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. என் மைத்துனரே கேட்டார். பிளஸ் டூ என்றதும் நாம் முதலில் செய்வது என்ன? போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுகிறோம். செய்ய வேண்டியதுதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் தேதி, திருத்தம், நீட்டிப்பு, ஓடிபி எல்லாம் அந்தப் பீரோவுக்குள்தான் வந்து விழுகின்றன.

சான்றிதழ் கதை தனி. கையிலிருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களுக்குப் போதாது. ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் புதிதாக இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒவ்வொன்றும் இ-சேவையில் பதிவாகி கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்கும். டெல்டாவில் பிப்ரவரி மாதம் அவரிடம் யார் நிற்கிறார்கள் தெரியுமா? கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல், அதாவது சாகுபடிச் சான்று, கேட்டு ஊரே நிற்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரே குடும்பத்தில் அப்பா அடங்கலுக்கும் மகள் சான்றிதழுக்கும் ஒரே வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2025-ல் ஓபிசி பிரிவுக்கு நீட் விண்ணப்பம் 1,600 ரூபாய், கியூட் மூன்று பாடங்களுக்கு 900 ரூபாய். அரசு கலைக் கல்லூரிக்கு 50 ரூபாய். இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஆசிரியர்களிடம் கேட்டால், “எங்களுக்கு மூன்று திருப்புதல் தேர்வு, மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, ஒரு பையன் தேர்ச்சி பெறவில்லை என்றால் எங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்” என்கிறார்கள். உண்மைதான். ‘கல்லூரிக் கனவு’ போன்ற வழிகாட்டி நிகழ்ச்சிகள் நல்ல முயற்சி. போய்வந்த பிள்ளைகள் தெளிவாகப் பேசுகிறார்கள். ஆனால் தேர்வுக்குப் பிறகு அதில் கியூட் பற்றிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய முடியும்? அதையே காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நடத்தினால் என்ன?

நுழைவுத்தேர்வுகளை நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். செய்முறைத் தேர்வு தொடங்கும் நாளிலிருந்து பொதுத்தேர்வு முடியும் நாள் வரை விண்ணப்பக் கெடு வைக்காதீர்கள். டிசம்பரில் திறந்து ஜனவரியில் மூடுங்கள். அது முடியாதென்றால் ஏப்ரல் முதல் வாரம் வரை திறந்து வையுங்கள். கியூட் தேர்வு தொடங்கியது மே 13-ல்தானே? தேர்வுத் தேதிகளை மோதாமல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு விண்ணப்பத் தேதியை நகர்த்துவது பெரிய வித்தை இல்லை.

பள்ளிகளும் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டோ, கையெழுத்து, விரல் ரேகை, ஆதார், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்கேன் செய்து வைத்துவிட்டால் விண்ணப்பம் திறக்கிற அன்று வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலாகவும் இருக்கும் கோளாறுகள் அப்போதே தெரிந்துவிடும். திருத்த அவகாசமும் இருக்கும். மார்ச்சில் தெரிந்து அழுவதில் பிரயோஜனம் இல்லை.

நீலக்குடிக்குப் போக நினைத்த அந்தப் பையன் திருவாரூரில் அரசு கலைக் கல்லூரிக்கு இயற்பியல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். நான்தான் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இடம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன், நல்ல மதிப்பெண்.

ஜூன் 2 பள்ளி திறக்கிறது. கடை வாசலில் ஒரு பலகை எழுதி வைக்கப் போகிறேன்: எந்தத் தேர்வுக்கு எப்போது திறப்பு, எப்போது கெடு என்று சுண்ணக்கட்டியில், தேதி வர வரத் திருத்தி. போன் இல்லாத பிள்ளைகளும் போகும்போது வரும்போது பார்க்கலாம். புதிய பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நவம்பர் வரை ஸ்கேன் வேலைக்குப் பாதிக் கட்டணம். ஸ்டாம்ப் பேடு புதிதாக வாங்கிவிட்டேன். பக்கத்திலேயே ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
திருத்துறைப்பூண்டி.
(பெயர் போட வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரியும்.)