சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்? கம்ப்யூட்டேஷனல் ஸ்டோரேஜ் முதலீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலீட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கம்ப்யூட்டேஷனல் ஸ்டோரேஜ் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. முதலீடு கேட்டு உங்கள் மேசைக்கு வந்த பிட்ச் டெக்குகளின் முதல் சில ஸ்லைடுகளே அதைச் சொல்லியிருக்கும். தரவைப் பிராசசர் வரை இழுத்துவர வேண்டாம், தரவு இருக்கும் இடத்திலேயே வேலையை முடித்துவிடலாம்; ஃப்ளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குள், வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லோ ஏஆர்எம் வகைச் சிறு பிராசசர்கள் சிலவோ இருந்தால் சுருக்குவது, வடிகட்டுவது, தேடுவது எல்லாம் உள்ளேயே நடந்துவிடும். அதை நம்பி நீங்கள் பணம் போட்டீர்கள். அதே ஸ்லைடுகளை நம்பித்தான் நாங்களும் டிரைவ் வாங்கினோம்.

உங்களில் சிலர் பணம் போட்ட நிறுவனம் ஒன்று அண்மையில் மூடப்பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு நிறுவனத்தின் கதையாகச் சுருங்கிவிடும். வாடிக்கையாளர்களுக்கு வந்த மின்னஞ்சலில் பெரும்பகுதி அவர்களுடைய பயணம், அவர்களுடைய குழு, அவர்களுடைய நன்றி. கடைசியில், சப்போர்ட் தளம் மாத இறுதியோடு நிறுத்தப்படும் என்று ஒரு வரி. டிரைவோடு கணினியைப் பேசவைக்கும் மென்பொருளான டிரைவரின் மூல நிரல் என்னவாகும், டிரைவுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்னவாகும், ஐந்து வருட வாரண்டியோடு எங்கள் ரேக்குகளில் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவ்கள் என்னவாகும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். இனி இப்படி ஒரு நிறுவனத்தில் பணம் போடும்போது, டிரைவரின் மூல நிரல், ஃபர்ம்வேர், அது அசல்தான் என்று கையொப்பமிடும் டிஜிட்டல் சாவி, நிர்வாகக் கருவிகள் ஆகியவற்றை மூன்றாம் தரப்பு ஒருவரிடம் எஸ்க்ரோவாக ஒப்படைத்து வைக்க வேண்டும் என்பதை முதலீட்டு ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். நிறுவனம் மூடினாலோ, அதை வாங்கியவர் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டாலோ, அவை டிரைவ் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் கஷ்டங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் வாங்கிய டிரைவ்கள் உள்ளே வரும் தரவைத் தாமே சுருக்கிக்கொள்பவை. அதனால் ஒவ்வொரு டிரைவுக்கும் இரண்டு கொள்ளளவு உண்டு. ஒன்று இயங்குதளத்துக்குக் காட்டுவது. மற்றது ஃப்ளாஷில் உண்மையிலேயே இருப்பது. 4 டிபி ஃப்ளாஷ் உள்ள டிரைவை 8 டிபி என்று அமைத்துக்கொள்ளலாம். தரவு பாதியாகச் சுருங்கிக்கொண்டிருக்கும் வரை ஒரு வம்பும் இல்லை. ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டது, படங்கள், வீடியோ, ஜிப் கோப்புகள் என்று சுருங்காத சரக்கு உள்ளே வர ஆரம்பித்தால்தான் கணக்கு உதைக்கும். இயங்குதளத்தில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை பாதி காலி என்று சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே ஃப்ளாஷ் நிரம்பியிருக்கும். அப்புறம் டிரைவ் எழுத மறுக்கும், டேட்டாபேஸ் நிற்கும், போன் அடிக்கும்.

ஆகவே இந்த டிரைவ்களை வைத்திருப்பவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணைத்தான். அதைக் காட்டுவது நிறுவனத்தின் சொந்தக் கருவி. அந்தக் கருவி, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏற்றும் அவர்களுடைய மாட்யூலோடு, அதாவது டிரைவரோடு, மட்டுமே பேசும். டிரைவும் அந்த மாட்யூல் வழியாகத்தான் வேலை செய்யும். மாட்யூலையோ குறிப்பிட்ட சில கெர்னல் பதிப்புகளுக்கு மட்டும், மூல நிரல் இல்லாமல் பைனரியாகக் கொடுத்திருந்தார்கள். நிறுவனம் மூடிய பிறகு கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. உடனே போடுங்கள் என்கிறது எங்கள் செக்யூரிட்டி குழு. போட்டால் மாட்யூல் ஏறாது, டிரைவே கண்ணுக்குத் தெரியாது. போடாவிட்டால் தெரிந்தே ஓட்டையோடு ஓட வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

சரி, காலி செய்துவிட்டு வேறு டிரைவுக்குப் போய்விடலாம் என்றால் அங்கேதான் வேடிக்கை. சுருங்கி உட்கார்ந்திருந்த தரவு, வெளியே எடுத்ததும் தன் முழு அளவுக்கு விரியும். சாதாரண எஸ்எஸ்டியில் அதை வைக்க இரண்டு மடங்கு ஃப்ளாஷ் வேண்டும். எதை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி விற்றார்களோ, அது அப்படியே பில்லாகத் திரும்பி வருகிறது. ஃபைல்சிஸ்டத்தில் சுருக்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், பிராசசரைக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பிராசசரின் சுமையைக் குறைக்கத்தானே இந்த டிரைவையே வாங்கினோம்!

மாற்றும் வேலை நடந்த ஓர் இரவு, சக ஊழியர் ஒருவர் நகலெடுத்து முடிந்த பெரிய கோப்புகளை அழித்துவிட்டு, அந்த இரண்டாவது எண் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. டிஎஃப் காட்டிய எண் உடனே இறங்கிவிட்டது. உள் எண் அசையவே இல்லை. இந்தத் தரவு இனி வேண்டாம் என்று சொல்லும் ட்ரிம் கட்டளை டிரைவுக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளே வேண்டாததைத் துடைத்து இடத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஒரு சுற்று ஓடிய பிறகுதான் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அதுவரை டேட்டாபேஸ் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. இந்த விவரம் ஆவணத்தில் இல்லையா என்றால், இருந்தது. ஆவணம் இருந்த தளம்தான் இல்லை.

இத்தனைக்கும் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்த யோசனை பழையது, இன்றைக்கு முன்னெப்போதையும்விடச் சரியானது. 1970-களிலேயே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் காசம் (CASSM), டொரன்டோவில் ராப் (RAP) என்று வட்டுக்குப் பக்கத்திலேயே கணக்கிடும் டேட்டாபேஸ் இயந்திரங்களை முயன்று பார்த்தார்கள். 1983-ல் போரல், டிவிட் என்ற இரு ஆய்வாளர்கள், இவற்றின் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பிராசசர்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், அவற்றுக்குத் தீனி போடும் வேகம் வட்டுகளுக்கு இல்லை என்பது அவர்களுடைய வாதம். இன்று நிலைமை தலைகீழ். ஒரு சர்வரில் என்விஎம்இ என்ற அதிவேக இணைப்புத் தரத்தில் ஓடும் 24 டிரைவ்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 7 ஜிபி வாசிக்கும் என்று வையுங்கள். சேர்த்தால் 168 ஜிபி. அந்த சர்வரிலிருந்து வெளியே போகும் இரண்டு 100 கிகாபிட் இணைப்புகளும் சேர்ந்து தாங்குவது, எட்டு பிட்டுக்கு ஒரு பைட் என்ற கணக்கில், 25 ஜிபிதான். தேவையில்லாததை டிரைவுக்குள்ளேயே வடிகட்டிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

அதனால்தான் 2018-ல் சாம்சங்கும் எஃப்பிஜிஏ செய்யும் சைலிங்க்ஸும் இந்த வகை டிரைவான ஸ்மார்ட்எஸ்எஸ்டியைக் காட்டியபோது எங்களைப் போன்றவர்களுக்கு உற்சாகமாக இருந்தது. அதே ஆண்டு, சேமிப்புத் துறைக்குத் தரம் வகுக்கும் அமைப்பான ஸ்னியா இதற்கென்று ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. அந்தக் குழு எழுதிய கட்டமைப்பு, நிரலாக்க மாதிரியின் 1.0 பதிப்பு 2022-ல் வந்தது. என்விஎம்இ தரத்தில் டிரைவுக்குள் நிரல் ஓட்டுவதற்கான கட்டளைத் தொகுதி சேர்ந்தது 2024 தொடக்கத்தில். அதாவது தரம் வருவதற்கு முன்பே சரக்கு விற்பனைக்கு வந்துவிட்டது. முந்தி வாங்கிய எங்களிடம் இருப்பது ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி எழுதிய டிரைவர். முன்னோடி வாடிக்கையாளர்கள் என்று உங்கள் அறிக்கைகளில் எங்களைத்தான் குறிப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தத் துறைக்குப் பணத்துக்கும் பஞ்சம் இருக்கவில்லை. 2022-ல் பிளையாப்ஸ் என்ற ஸ்டார்ட்அப் ஒரே சுற்றில் 10 கோடி டாலர் திரட்டியது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. (நான் சொல்லும் நிறுவனம் அதுவல்ல.) சில்லு செய்யும் பெரிய நிறுவனங்களின் முதலீட்டுப் பிரிவுகளும் இந்தத் துறையில் இருக்கின்றன. அவர்களுக்காவது, ஒரு டிரைவ் ரேக்குக்குள் போனால் எத்தனை வருடம் அங்கே இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

கால அளவுகளைப் பாருங்கள். உங்கள் ஃபண்டின் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். எங்கள் டிரைவின் வாரண்டி ஐந்து வருடம். நடுவில் இருக்கும் ஸ்டார்ட்அப்புக்கு ஒரு சுற்றுப் பணம் ஒன்றரை இரண்டு வருடத்துக்குத் தாங்கினால் பெரிய விஷயம். அடுத்த சுற்று வராவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களும் யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்று ஒரு ஷரத்தை எழுதி வைத்திருக்கிறீர்கள். கம்பெனி கவிழ்ந்தால் மிச்சத்தை யார் முதலில் எடுப்பது என்பது வரை அதில் இருக்கிறது. நல்லது, உங்கள் பணம், உங்கள் கவலை. அதே பக்கத்தில், டிரைவுக்குள் மாட்டியிருக்கும் தரவுக்குச் சொந்தக்காரர்களுக்காகவும் நாலு வரி எழுத இடம் இருக்காதா?

நிறுவனத்திடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். அங்கிருந்த இன்ஜினியர்கள் நல்லவர்கள், எங்கள் பக்க நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த காலாண்டில், முதலீட்டாளர்களுக்குக் காட்ட வேண்டிய டெமோவுக்காக அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். முன்பு எட்ஜுக்காகவே (தரவு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கணக்கிடுவது) பிறந்தது என்று சொன்ன டிரைவ், பிறகு மெஷின் லேர்னிங்குக்காகப் பிறந்தது, கடைசியில் பெரிய மொழி மாதிரிகளுக்காகவே பிறந்தது. எத்தனை முறைதான் பிறக்கும்? ஸ்லைடில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. புதிய கெர்னலுக்கு மாட்யூல் மட்டும் வரவில்லை.

இதில் இந்த டிரைவை மட்டும் சொல்லிப் பயனில்லை. இப்போதெல்லாம் முழு விலை கொடுத்து வாங்கிய பொருளிலும் நாம் குடித்தனக்காரர்களாகத்தான் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போனால் தண்ணீரும் நின்றுவிடுகிறது. சொந்தமாக வாங்கிய கேமரா, பூட்டு, கேட்கும் கருவி என்று எதை எடுத்தாலும் எங்கோ ஒரு சர்வரை யாரோ அணைத்தால் செங்கல்லாகிவிடுகிறது. அதையெல்லாம் சரிசெய்யும்படி உங்களைக் கேட்பது நியாயமில்லை. பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கோரிக்கைக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் யோசித்துப் பார்த்தேன். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்பது முதலாவது. எஸ்க்ரோ என்றாலே நிறுவனம் உயிரோடு இருக்கும் வரை யாரும் திறந்து பார்க்க முடியாது. மென்பொருள் ஒப்பந்தங்களில் இது நெடுநாளாக நடப்பிலிருக்கும் வழக்கம். உங்கள் வக்கீல்களுக்கு ஒரு மாதிரிப் படிவம்கூடத் தேட வேண்டியிருக்காது. கையொப்பச் சாவியைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போலி ஃபர்ம்வேர் ஏற்றிவிடுவார்களே என்பது இன்னொன்று. நியாயமான பயம்தான். சாவியைத் தெருவில் போடச் சொல்லவில்லை. அது அந்த மூன்றாம் தரப்பிடமே இருக்கட்டும், திருத்தத்தைச் சரிபார்த்து அவர்களே கையொப்பமிட்டுத் தரட்டும்.

மூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மூடும்போது அந்த நிரல் ஒரு சொத்து. கலைப்பு அதிகாரியின் பட்டியலில் பேட்டன்டுகளோடு சேர்ந்து நிற்கும். கடன்காரர்கள் இருக்க, அதை வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்க அவருக்கு மனமிருந்தாலும் வழியிருக்காது. பணம் போடும் நாளில் எஸ்க்ரோ நிபந்தனைக்கு ஆகும் செலவு, அந்தச் சுற்றின் தொகையோடு பார்த்தால், ஒன்றுமே இல்லை. உங்களிடம் கேட்பதும் அதனால்தான். வாடிக்கையாளர் கேட்டால் அடுத்த காலாண்டு. முதலீட்டாளர் கேட்டால் அடுத்த வாரம்.

இப்படிச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சீகேட் 2013-ல் கைனெட்டிக் என்று ஈத்தர்நெட்டில் நேராகப் பேசும் டிரைவைக் கொண்டுவந்தது. சந்தையில் அது எடுபடவில்லை. ஆனாலும் அதனோடு பேசும் நெறிமுறையைத் திறந்த மூலமாகவே வெளியிட்டிருந்தார்கள். தயாரிப்பு தோற்கலாம், தோற்பது உங்கள் தொழிலில் சகஜம். தோற்கும்போது வாங்கியவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முதலீட்டுக்கான டெர்ம் ஷீட்டில் எஸ்க்ரோ நிபந்தனையைச் சேருங்கள். மூல நிரல், ஃபர்ம்வேர், சாவி, கருவி ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். கடைசி டிரைவ் விற்ற நாளிலிருந்து வாரண்டி முடியும் வரை அது செல்லட்டும். ஏற்கெனவே பணம் போட்டிருக்கும் நிறுவனங்களில் உங்களுக்கு போர்டில் இடம் இருக்கும். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள்.

கடைசியாக, மூடப்பட்ட அந்த நிறுவனத்தின் போர்டில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். சொத்துகள் ஏலத்துக்குப் போவதற்கு முன், கெர்னல் மாட்யூலின் மூல நிரலை மட்டுமாவது வாடிக்கையாளர்களுக்கு விடுவிக்க முடியுமா என்று கலைப்பு அதிகாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றாலும் அதைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். இரண்டு மடங்கு எஸ்எஸ்டிக்கு நாங்கள் ஆர்டர் போட வேண்டும், வந்து சேர நாளாகும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னோடி வாடிக்கையாளர்களில் ஒருவர்