ராமாபிதெகஸை இனியாவது இறக்கிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பரிணாமக் கட்டுரை நல்ல முயற்சிதான். ஆனால் குனிந்த குரங்கு மெல்ல நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் பழைய வரிசைப் படத்தைப் போட்டு, அதில் ராமாபிதெகஸ் என்ற புதைபடிவ வாலில்லாக் குரங்கை நம் மூதாதையாக நிறுத்தியிருக்கிறீர்களே, அதை ஆய்வாளர்கள் கைவிட்டு நாற்பது வருடமாகிறது சார். கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, பிளஸ் டூ உயிரியல் பாடத்திலேயே அது இன்னும் மனிதச் சாயல் கூடியது என்று உட்கார்ந்திருக்கிறது.

1932-இல் சிவாலிக் மலைப் பகுதியில் எட்வர்ட் லூயிஸ் என்ற யேல் பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைத்தது மேல்தாடையில் ஒரு துண்டு, ஒட்டிக்கொண்டு சில பற்கள், அவ்வளவுதான். ராமர் பெயரை வைத்தார். 1960-களில் புதைபடிவ ஆய்வாளர்கள் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும், கோரைப்பல் சிறிதாக இருந்திருக்கும், பல்வரிசை நம்முடையதைப் போல வளைந்திருக்கும் என்று சொல்லி, சுமார் 1.4 கோடி வருடத்துக்கு முந்தைய மனித முன்னோர் இதுதான் என்றார்கள். இத்தனைக்கும் தாடையின் நடுப்பகுதியே கையில் கிடையாது, அந்த வளைவு முழுக்க ஊகம்.

1967-இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் எலும்பைத் தொடவே இல்லை. மனித ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தை முயலுக்குச் செலுத்தி, முயல் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் சிம்பன்சியின் அல்புமினை எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது, கொரில்லாவுடையதை எவ்வளவு, சாதாரணக் குரங்குடையதை எவ்வளவு என்று அளந்தார்கள். நமக்கும் சிம்பன்சிக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, பிரிந்து 50 லட்சம் வருடம்தான் இருக்கும் என்று கணக்கு வந்தது. அப்படியானால் 1.4 கோடி வருடத்துக்கு முன்பே தனி மனிதக் கிளை இருந்திருக்க முடியாது. புதைபடிவக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, வருடக்கணக்கில் சண்டை. அப்புறம் பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்தில் சிவாபிதெகஸ் என்ற இன்னொரு பழங்கால வாலில்லாக் குரங்கின் முகம் கிடைத்தது. அசல் ஒராங்குட்டான் ஜாடை! ராமாபிதெகஸும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்ந்தது. 1982-இல் அந்த முகத்தைப் பற்றி எழுதியவர் வேறு யாருமில்லை, அதே பில்பீம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது டி.என்.ஏ.வையே வரி வரியாகப் படிக்கிறார்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. நம் இரண்டாவது குரோமோசோமின் உள்ளே, முனையில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் தொடர்கள் தலைக்குத் தலை முட்டி ஒட்டிக் கிடக்கின்றன, இரண்டு குரோமோசோம் சேர்ந்து ஒன்றான தழும்பு அது. அதற்காக எல்லாப் பகுதியும் ஒரே கதையைச் சொல்வதில்லை. 2012-இல் கொரில்லாவின் மரபணுத் தொகுதி வெளியானபோது, அதில் சுமார் 30 சதவீதத்தில் கொரில்லா நமக்கோ சிம்பன்சிக்கோ நெருக்கமாக இருந்தது, நாமும் சிம்பன்சியும் ஒருவருக்கொருவர் இருப்பதைவிட. ஒரு மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு உறவு சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

சரி, என் கோரிக்கை சின்னது. அடுத்த முறை வரிசைப் படத்துக்குப் பதில் கிளைப் படம் போடுங்கள். முதலில் கிப்பன் பிரியட்டும், பிறகு ஒராங்குட்டான், பிறகு கொரில்லா, கடைசியில் ஒரு கிளையில் நாம், பக்கத்துக் கிளையில் சிம்பன்சியும் அதன் நெருங்கிய உறவான போனபோவும். ராமாபிதெகஸுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒராங்குட்டான் பக்கம் கொடுங்கள்.

- வாசகர், கும்பகோணம்