அம்மா, உன் பேர்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பாவுக்கு உன் பேரை வைக்கிற பேச்சைப் போனில் எடுத்தாலே "அதெல்லாம் வேணாம்ப்பா" என்று நீ மாற்றிவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படி.

பாப்பாவும் உன் மருமகளும் நன்றாக இருக்கிறார்கள். ஹெபாமெ என்று இங்கே ஜெர்மனியில் சொல்கிற மருத்துவச்சி தினமும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார், அந்தச் செலவை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்கிறது. பாப்பாவை ஒரு துணியில் போட்டு, நாலு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டி, அப்படியே தூக்கித்தான் எடை பார்க்கிறார், நம் வீட்டு உத்தரத்தில் கட்டின தூளி மாதிரியே இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று 3 கிலோ 240 கிராம். எடையை எழுதிவிட்டு, "பேர் வந்தாச்சா?" என்று கேட்டார். தினமும் கேட்கிறார்.

பிறந்த ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், அதை ஆஸ்பத்திரியே செய்துவிட்டது. பேர் சொல்ல ஒரு மாதம் தவணை உண்டு. சர்ட்டிபிகேட்டில் பேர் ஏறினால்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால்தான் உன் மடியில் கொண்டுவந்து போட முடியும். அதனால் தள்ளிப்போட வழியில்லை.

உன் மருமகளுக்கு யாழினி என்றால் உயிர். ஆனால் இங்கிலீஷில் ழகரத்துக்கு நாம் எழுதுகிற இசட்டை ஜெர்மன்காரர்கள் 'ட்ஸ்' என்று வாசிப்பார்கள், யாட்ஸினி ஆகிவிடும். ஜனனி என்று வைக்கலாமா என்றால் அவர்களுடைய ஜே எழுத்துக்கு 'ய' தான் ஓசை, பள்ளிக்கூடத்தில் யனனி என்பார்கள். நிலா மட்டும் எந்தச் சேதாரமும் இல்லாமல் நின்றது. நல்ல பேர்தான். ஆனால் நட்சத்திரம் ரோகிணி, ஓ, வ, வி, வு இந்த நாலில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜோசியரிடம் கேட்டுச் சொன்னது நீதானே? வர்ஷா, வினோதினி என்று பதினோரு பேர் எழுதி அனுப்பினாயே, அதில் வள்ளியம்மை ஏன் இல்லை?

பெயர்த்தி என்பதுதானே பேத்தி ஆனது. முதல் பெண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவள் பேர் என்பது நம் வீட்டில் இருக்கிற வழக்கம்தான், நான் புதிதாக எதுவும் செய்யவில்லை.

பழைய பேர் என்று சொல்கிறாய். பழசோ புதுசோ, உன்னை யார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் அம்மா? அப்பாவுக்கு நீ "இந்தா", அப்பத்தாவுக்கு "ஏ புள்ள", தெருவில் உள்ளவர்களுக்கு என் அம்மா. ரேஷன் கார்டிலும் நூறு நாள் வேலை அட்டையிலும் இருப்பதோடு சரி. எனக்கே உன் பேர் வள்ளியம்மை என்று ஆறாம் வகுப்பில் ஏதோ ஃபாரம் நிரப்பும்போதுதான் தெரியும்.

"அத்தை பேரைச் சொல்லி நான் எப்படி அதட்டுவேன்?" என்று உன் மருமகள் முதலில் தயங்கினாள். இப்போது ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது வள்ளிக்குட்டி என்று அவளே கொஞ்சுவது எனக்குக் கேட்கிறது.

கீழ்வீட்டில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார், கேக் செய்து கொண்டுவந்தார். பேரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய பெரியம்மா பேரும் வல்லியாம்! வால்பூர்கா என்பதைச் சுருக்கி அந்தக் காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ளகரம் இவர்கள் வாயில் வராது, அது போகட்டும்.

பதிவு அலுவலகத்தில் மறுத்துவிடுவார்களோ என்று அப்பா கேட்டாராம். குழந்தைக்குக் கேடாக அமையும் பேர் என்றால்தான் மறுப்பார்கள். முன்பெல்லாம் ஆணா பெண்ணா என்று பேரிலேயே தெரிய வேண்டும் என்றும் இருந்தது. மகளுக்குக் கிரண் என்று வைக்க விரும்பிய ஒரு குடும்பம் வழக்காடி, 2008-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அப்படிக் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம், இங்கே இனிஷியல் கிடையாது, குடும்பப் பேர் என்று ஒன்று வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பேர்தான் இருக்கிறது. ஆபீசில் என்னை எல்லாரும் ஹெர் சுப்பையா, அதாவது மிஸ்டர் சுப்பையா, என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்பாவிடம் சொல். அதனால் பாப்பா, வள்ளியம்மை சுப்பையா. அவர் வாயால் ஒரு நாளும் சொல்லாத பேர் அவர் பேரோடு சேர்ந்தே சர்ட்டிபிகேட்டில் வரப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறோம். இங்கே காலை பத்து மணி, உங்களுக்கு மத்தியானம் இரண்டரை. வீடியோவில் வா. போனைப் பாப்பா காதுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், மூன்று தடவை நீதான் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடாதே.

வசம்பு வளையல் இங்கே கிடைக்கவில்லை. யாராவது வந்தால் கொடுத்துவிடு.

உன் மகன்
ஸ்டுட்கார்ட்