"அது வேற கணக்கு": மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட என் அம்மாவுக்கு, தமிழக அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகவே செய்தார்கள். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை சொல்லவே கிளம்பி வந்தவன் என்று நினைத்துவிடக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை வார்டில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எழுதியது. கையுறை, கட்டுத்துணி, ஊசிமருந்து இரண்டு. சீல் இல்லை, கையெழுத்து இல்லை, தேதியும் இல்லை. "வெளியே வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் செவிலியர்.

"ஆபரேஷனே காப்பீட்டுலதானே சிஸ்டர்?"

"அது வேற கணக்கு சார்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வார்டு நிறைய நோயாளிகள், ஓடிக்கொண்டிருந்தது இரண்டு பேர். அந்த 'வேற கணக்கு' எது, அதில் எவ்வளவு வருகிறது, எதற்குப் போகிறது என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கணக்கு வைக்கத் தெரியாத துறை அல்ல உங்களுடையது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் வைத்தது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்து, மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்க அதில் கழித்துக்கொண்டே வருவது அந்த முறை. வங்கிப் புத்தகம் மாதிரிதான். பிற்பாடு கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் தங்களுக்கென்று இதே மாதிரி கழகங்களை அமைத்துக்கொண்டன. ஆக, கிடங்கிலிருந்து வரும் மாத்திரை அட்டைக்குக் கணக்கு இருக்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரியாதது மற்ற மூன்று: மருத்துவமனையே வெளியில் வாங்கிக்கொள்ளும் உள்ளூர்க் கொள்முதல், மருத்துவமனையின் தேவைகளுக்காக அங்கேயே இயங்கும் நோயாளர் நலச் சங்கத்தின் பணம், காப்பீட்டில் வரும் தொகை.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனை அந்தச் சிகிச்சையைச் செய்தால், அந்தப் பணம் அதற்கும் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்தார்கள். தொகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஆன்லைன்ல போயிடும்" என்றார்கள். அம்மாவின் பெயரில் வந்த பணம் எவ்வளவு என்று அம்மாவுக்கே தெரியாது.

சரி, சட்டப்படியே கேட்போம் என்று 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டேன். 'கோரிய வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(ஆ), ஒதுக்கீட்டையும் செலவு விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. நான் மனு போட்டிருக்கவே வேண்டியதில்லை!

'தணிக்கை நடக்கிறதே' என்பீர்கள். நடக்கிறது. அரசியல் சட்டத்தின் 151-வது பிரிவின்படி அரசின் செலவுகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழுவுக்கு வருகிறது. அதற்குள் அந்தச் செலவைச் செய்த அதிகாரி மாற்றலாகி, சிலர் ஓய்வும் பெற்றிருப்பார்கள். வரிசையில் நிற்பவருக்கு அதில் என்ன தெரியப்போகிறது? கிராமத்துக் குளம் வெட்டிய செலவைக் கிராம சபை முன்னால் சமூகத் தணிக்கை செய்ய 2005-லேயே வேலை உறுதிச் சட்டம் வழி செய்தது. மருத்துவமனை என்ன, அதைவிட ரகசியமான இடமா?

திருட்டைப் பிடிப்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. தணிக்கைக்குப் பயந்து செலவே செய்யாத கண்காணிப்பாளர்களும் உண்டு. பணம் கணக்கில் தூங்கும், வார்டில் கையுறை இருக்காது. செலவாகாத பணத்துக்கும் பதில் சொல்லத்தானே வேண்டும்?

புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். போன மாதம் வந்தது, செலவானது, மிச்சம், மூன்று கணக்குக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் காப்பீட்டுத் தொகையை எழுதுங்கள். அப்புறம், 'இயந்திரம் பழுது' என்று ஒட்டும் தாளில், என்றிலிருந்து பழுது, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் அறைக் கதவில் நான் பார்த்த தாள் மஞ்சளாகிப் போயிருந்தது.

அட்டைத் துண்டின் நகலையும் மருந்துக்கடை ரசீதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அது எந்தக் கணக்கு என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்