டப்பாவை உள்ளே விடுங்கள். இல்லையேல் சட்டியில் இருப்பதைச் சொல்லுங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றின் உணவுக்கூடங்களைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களுக்கும், இந்த மடலின் நகலைப் பெறவேண்டிய மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் வணக்கம்.

என் பேத்திக்கு இரண்டரை வயது. பாலும் நிலக்கடலையும் அவளுக்கு ஆகாது, ஒவ்வாமை. வயிறு உப்பி, ஒரு கஷாயத்தில் தீர்ந்துபோகும் சங்கதி இல்லை இது. உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், வாந்தி எடுப்பாள், மூச்சு இழுக்கும். என் வயதுக்காரர்கள் பலர் இதை நம்புவதே இல்லை. "நம் காலத்தில் இதெல்லாம் ஏது? ஒரு வாய் நெய்ச்சோறு ஊட்டிப் பழக்கு, சரியாகிவிடும்" என்பார்கள். அவர்களோடு வாதாடி அலுத்துவிட்டேன். உங்களிடம் இரண்டில் ஒன்றைக் கேட்கிறேன். வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுவரும் குழந்தை உணவை உள்ளே விடுங்கள். அது முடியாதென்றால், நீங்கள் விற்கும் உணவில் என்ன இருக்கிறது என்று எழுதிப் போடுங்கள். உங்களில் பலர் இப்போது இரண்டையும் செய்வதில்லை.

வாசலில் பையைத் திறந்து பார்க்கிறீர்கள். மதுப்புட்டியைத் தடுக்க அது தேவைதான். ஆனால் சென்ற விடுமுறையில் ஒரு பூங்காவின் வாசலில் என் மகளின் பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கப்பட்டது ஓர் எவர்சில்வர் டப்பா: இட்லி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு வாழைப்பழம். காவலர்மீது எனக்குக் கோபமில்லை. வெயிலில் நின்றுகொண்டு மேலிடம் சொன்னதைச் செய்கிறார். "உள்ளே எல்லாம் கிடைக்கும்மா" என்றார் பரிவாகவே. எல்லாம் கிடைக்கும் என்பதுதானே எங்கள் சிக்கல்! டப்பாவைக் காரில் வைத்துவிட்டு, பசிக்கும்போது வெளியே வந்து ஊட்டலாம் என்று பார்த்தால், ஒருமுறை வெளியே போனால் மறுபடி டிக்கெட் எடுக்கவேண்டுமாம்.

திரையரங்குக்குள் வெளி உணவைத் தடுக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்குப் பிடித்த தீர்ப்பாகத்தான் இருக்கும். அதே தீர்ப்பில் நீதிபதிகள் குடிநீரை இலவசமாகத் தரவேண்டும் என்றும், குழந்தையோடு வரும் பெற்றோர் குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுவரலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அது திரையரங்குகளைப் பற்றிய வழக்கு, உங்களை அப்படியே கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சொல்லட்டும். மூன்று மணிநேரப் படத்துக்கே அந்தச் சலுகை நியாயம் என்றால், காலையில் நுழைந்து பொழுது சாயும்வரை இருக்கும் இடத்தில் எவ்வளவு நியாயம்?

இனி உள்ளே கிடைக்கும் 'எல்லாம்' பற்றி. நாற்பது வருடமாக அடுப்படியில் நிற்பவள் என்பதால் நான் உணவுக்கூடத்தில் முதலில் பார்ப்பது தோசைக்கல்லைத்தான். மாஸ்டர் நெய் ரோஸ்ட் ஒன்று எடுக்கிறார். பாதியாக வெட்டிய வெங்காயத்தால் கல்லை ஒரு தேய் தேய்க்கிறார். அடுத்த கரண்டி மாவு அதே இடத்தில் விழுகிறது. அதுதான் எங்களுக்கான 'சாதா தோசை'. எடுத்துப் போடும் தோசைத் திருப்பியும் ஒன்றே. பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி. பன்னீர் பக்கோடா வெந்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு வறுவல் இறங்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் எல்லாம் செத்துவிடும் என்று ஒரு பரிமாறுபவர் எனக்கு விளக்கினார். கிருமி சாகும், ஒவ்வாமையைக் கிளப்பும் பால் புரதமும் கடலைப் புரதமும் அப்படிச் சூட்டில் ஒழிந்துபோவதில்லை. வறுத்த கடலையும் கடலைதான். அவித்த சோளக்கதிரையாவது வாங்கித் தரலாம் என்றால், கேட்பதற்குள் வெண்ணெய் தடவிக் கையில் நீட்டுகிறார்கள்.

"இதில் பால் சேர்ந்தது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் வரும் பதில்: "பால் இல்லைங்க, கொஞ்சம் வெண்ணெய்தான்." பதில் சொல்லும் பையனுக்கு அன்று காலைதான் வேலை கிடைத்திருக்கும். மாவு எங்கிருந்தோ வருகிறது, குருமாவுக்கான மசாலா இன்னொரு இடத்திலிருந்து வருகிறது. குருமாவில் முந்திரி அரைத்தார்களா, நிலக்கடலை அரைத்தார்களா என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்ல அவனுக்கு அனுமதியும் இல்லை போலும், தலையை ஆட்டிவிடுகிறான்.

எங்கள் ஊர்த் தட்டுவடை செட் தள்ளுவண்டிக்காரர் இந்த விஷயத்தில் உங்களைவிட மேல். தட்டுவடை, பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி எல்லாம் கண்ணெதிரே கிண்ணங்களில் இருக்கும். சட்னியில் என்ன அரைத்தீர்கள் என்று கேட்டால், அரைத்தவரே சொல்வார். ஒரே கையால் எல்லாவற்றையும் எடுக்கிறார் என்பதால் பேத்திக்கு நான் அதையும் வாங்கித் தருவதில்லை. ஆனால் ஏன் தரவில்லை என்ற காரணமாவது எனக்குத் தெரியும்.

உங்கள் கடையிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் கோதுமை, பால், சோயா என்று ஒழுங்காக அச்சிட்டிருக்கிறது. அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள உங்கள் ஃப்ரைடு ரைஸ் வாய் திறப்பதில்லை. பொட்டலத்துக்குச் சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் பசையம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகள், சோயா, கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் ஆகியவற்றை அறிவிக்கச் சொல்கின்றன. பரிமாறும் உணவைப் பொறுத்தவரை, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள்மீதுதான் அந்தக் கடமை விழுகிறது. ஒற்றைப் பூங்காவின் உணவுக்கூடம் தப்பிவிடுகிறது. நியமன அலுவலர் அவர்களே, கட்டாயப்படுத்த உங்களுக்கு விதி இல்லாமல் இருக்கலாம். உரிமம் புதுப்பிக்க வரும்போது ஒரு வார்த்தை சொல்ல விதி எதற்கு? சொல்லும்போது எள்ளையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பட்டியலில் அது இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் வந்துவிட்டது. நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்றே தனி உணவுப் பட்டியல் தருகிறார்கள். அங்கேயும் எல்லாம் சுகமில்லை. புளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் இருந்த ஓர் உணவகத்தில், பாலும் கொட்டைகளும் ஆகாத ஒரு பெண் மருத்துவர், பரிமாறுபவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் சாப்பிட்டார். அப்படியும் 2023இல் உயிரிழந்தார் என்று அவருடைய கணவர் வழக்குத் தொடுத்தார். ஆகவே தலையாட்டும் பரிமாறுபவர் எனக்குப் போதாது. சமையலறையில் இருப்பவர் எழுதித் தந்த தாள் வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குத் தரும் சிரப் அதற்கு ஈடாகாது. ஊசி போட நிமிடங்கள்தான் அவகாசம். மே மாதக் கோடை விழா நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்போது போய்ச் சேர்வது? உங்கள் முதலுதவி அறையில் கட்டுத்துணியும் சுளுக்கு மருந்தும் பார்த்திருக்கிறேன். அட்ரினலினும், அதைப் போடத் தெரிந்த செவிலியரும் இருக்கிறார்களா என்று டிக்கெட் கவுன்டரிலேயே எழுதிப் போடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். நாங்கள் ஏரிக்கரையில் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், வருத்தமில்லை.

செலவு என்று சொல்லாதீர்கள். வாசல் காவலருக்கு, "குழந்தை உணவு டப்பாவைத் தடுக்காதே" என்று ஓர் உத்தரவு போதும். உணவுக்கூடத்துக்கு ஒரு பலகை, நெய் படாத ஒரு தோசைக்கல், தனி எண்ணெய்ச் சட்டி ஒன்று. கல்லும் சட்டியும் அதிகம் என்றால் பலகையாவது வையுங்கள். பலகை எழுதும் கூலியும் கட்டுபடியாகாது என்றால் பெயிண்டரை நானே அனுப்பிவைக்கிறேன். குருமாவில் என்ன அரைக்கிறீர்கள் என்பதை மட்டும் நீங்கள் அவரிடம் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
சேலத்துப் பாட்டி ஒருத்தி